எதை வைத்து நம்புவது? மெய்யியல் ஐயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமக்குத் தெரியும் என்று நினைப்பதெல்லாம் உண்மையிலேயே தெரியுமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்த ஒரு பெரிய சண்டையில் போய் நிற்போம். ஒரு கட்சி அறிவை நம்பியது, இன்னொரு கட்சி புலன்களை நம்பியது. இரண்டும் பாதி வழியில் மாட்டிக்கொண்டன. எங்கே மாட்டின, ஏன் மாட்டின என்பதுதான் இந்தப் பக்கம். பரீட்சைக் குறிப்பு தேடி வந்தவர்களுக்குக் கொஞ்சம் சுற்றுவழியாக இருக்கும்.

சந்தேகப்படுவது எல்லோரும் செய்வதுதானே? இதில் மெய்யியல் எங்கே வந்தது?

அன்றாடம் நாம் சந்தேகப்படுவது ஏதாவது ஒரு குறிப்பிட்ட விஷயத்தை. கேஸ் அடுப்பை அணைத்தோமா, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, பையன் டியூஷனுக்குத்தான் போனானா. இந்தச் சந்தேகங்களுக்கு ஒரு முடிவு உண்டு. எழுந்து போய் அடுப்பைப் பார்க்கலாம், டியூஷன் வாத்தியாருக்கு ஒரு போன் போடலாம். மெய்யியல் ஐயம் அந்தப் "பார்த்துவிடலாம்" என்பதன் மேலேயே கை வைக்கிறது. பார்த்தால் தெரிந்துவிடும் என்பது எப்படித் தெரியும்? கணக்குப் போட்டால் சரியாக வரும் என்பதற்கு யார் ஜாமீன்?

இதைக் கூர்மையாகக் கேட்டவர்கள் பழைய கிரேக்க ஐயவாதிகள். செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் அவர்களுடைய வாதங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார். ஒரு கூற்றுக்கு ஆதாரம் கேளுங்கள். அந்த ஆதாரத்துக்கு ஆதாரம் கேளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்: கேள்வி முடியாமல் போய்க்கொண்டே இருக்கும், அல்லது சுற்றி வந்து முதலில் சொன்னதிலேயே முட்டும், அல்லது எதிராளி "இதற்கு மேல் கேட்காதே" என்று ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவார். நான்காவது வழி என்னவென்று இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். செக்ஸ்டஸின் நூல் 1562இல் லத்தீனில் அச்சானபோது ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் யாருடைய வேதவிளக்கம் சரி என்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்ற கேள்வி அப்போது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

பகுத்தறிவுவாதம் என்றால் பெரியார் சொன்னதா?

இல்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மூடநம்பிக்கை எதிர்ப்பும் கடவுள் மறுப்பும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படும் பகுத்தறிவுவாதிகளான டெக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவருமே கடவுள் உண்டு என்று தர்க்கத்தால் நிறுவப் பார்த்தவர்கள். முக்கியமான உண்மைகளை அனுபவத்தின் துணையில்லாமல் அறிவாலேயே எட்டலாம் என்பது அவர்கள் கட்சி. லாக், பெர்க்லி, ஹியூம் மூவரும் எதிர்க்கட்சி; மனதில் இருப்பதெல்லாம் கடைசியில் புலன் வழியாக வந்ததுதான் என்பவர்கள். அது அனுபவவாதம்.

டெக்கார்ட் ஏன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்?

சந்தேகத்தில் ஊறிக் கிடக்க அல்ல, அதிலிருந்து வெளியே வர. அவர் கணித ஆள். வடிவியலையும் இயற்கணிதத்தையும் இணைத்தவர். கணிதத்தில் இருக்கும் உறுதி மற்ற அறிவுத் துறைகளில் ஏன் இல்லை என்பது அவர் மனதை அரித்தது. 1641இல் வந்த தம் தியானங்கள் நூலில் ஒரு முடிவு எடுக்கிறார்: சிறிதளவு சந்தேகத்துக்கு இடமிருந்தாலும் அதைப் பொய் என்றே தள்ளிவைப்பது. கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதன்மேல் எல்லாவற்றையும் கட்டுவது.

முதலில் புலன்கள் போகின்றன. தூரத்தில் வட்டமாகத் தெரிந்த கோபுரம் கிட்டே போனால் சதுரமாக இருக்கிறது. சரி, தூரத்தில் உள்ளதை விடுவோம். இதோ கணப்புக்கு அருகில், குளிர்கால அங்கியோடு, கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேனே, இதுவுமா பொய்? கனவிலும் இப்படித்தானே உட்கார்ந்திருந்தேன் என்கிறார். கணிதம்? கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதான். ஆனால் என்னை ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் வலிமை மிக்க ஒரு தீய சக்தி இருந்து, நான் கூட்டும்போதெல்லாம் தப்பாகக் கூட்ட வைத்தால்? கணிதமும் போகிறது.

மிஞ்சுவது ஒன்றுதான். ஏமாறுவதற்காவது நான் இருந்தாக வேண்டும்.

அந்த மெழுகு உதாரணம் எதற்கு?

டெக்கார்ட் எழுதியதிலேயே மிக அழகான பகுதி அது. தேன்கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகுத் துண்டு. தேன்சுவை இன்னும் போகவில்லை, பூவாசம் இருக்கிறது. கெட்டியாக, குளிர்ச்சியாக இருக்கிறது, விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. அதை நெருப்பருகே கொண்டுபோகிறார். சுவை போயிற்று, வாசம் போயிற்று, நிறம் மாறியது, உருவம் கலைந்து ஓடுகிறது, தொட்டால் சுடுகிறது, தட்டினால் சத்தமில்லை. ஐந்து புலன்களும் சொன்ன எல்லாமே மாறிவிட்டன. ஆனாலும் "அதே மெழுகு" என்கிறோம். எந்தப் புலன் அதைச் சொன்னது?

எதுவும் சொல்லவில்லை, மனம்தான் சொன்னது என்பது அவர் முடிவு. அனுபவவாதிகளைப் பார்த்து எறிந்த நல்ல கல் இது. புலன்கள் கொண்டுவருவது நிறம், சூடு, வாசம் என்று துண்டு துண்டாகத்தான். இவை "ஒரே பொருளுடையவை" என்பதும் அந்தப் பொருள் மாற்றத்தினூடே தொடர்கிறது என்பதும் அந்தத் துண்டுகளில் எங்கும் எழுதியில்லை. இந்தக் கல்லை ஹியூமாலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

"சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்பதையாவது அசைக்க முடியாதா?

அசைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இயற்பியலாளர் லிக்டன்பெர்க், "மின்னுகிறது" என்பதுபோல "சிந்தனை நடக்கிறது" என்று மட்டும்தான் சொல்லலாம் என்றார். மின்னல் இருந்தால் மின்னுபவன் ஒருவன் இருக்க வேண்டுமா என்ன? "நான்" என்று சேர்த்ததில் டெக்கார்ட் தனக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டார்.

சரி, அந்த "நான்" இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாலும் அடுத்த அடி வைப்பதுதான் சிரமம். தெளிவாகவும் திட்டமாகவும் மனதுக்குப் படுவது உண்மை என்ற விதி அவருக்கு வேண்டும். அந்த விதிக்கு ஜாமீன், ஏமாற்றாத கடவுள். கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம்? அது தெளிவாகவும் திட்டமாகவும் படுகிறதாம். நூல் வெளிவரும் முன்பே பிரதியைப் படித்த பிரெஞ்சு இறையியலாளர் அந்துவான் ஆர்னோ இந்த வட்டத்தைப் பிடித்துவிட்டார். செக்ஸ்டஸ் சொன்ன மூன்றில் இரண்டாவது. 1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் இன்னொரு இடத்தில் பிடித்தார்: உருவமும் இடமும் இல்லாத மனம் கையை எப்படி அசைக்கிறது? அப்போது அவருக்கு வயது 24. டெக்கார்ட் எழுதிய பதில்கள் மரியாதையாக இருக்கின்றன, ஆனால் பதிலாக இல்லை.

கணிதம் மட்டுமாவது பகுத்தறிவுவாதிகளுக்கு மிஞ்சவில்லையா?

மிஞ்சியது, ஆனால் அவர்கள் எதிர்பார்த்த உருவத்தில் இல்லை. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்பது யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளிலிருந்து வருவது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இது மறுக்க முடியாத அறிவு என்றே எண்ணப்பட்டது. 1829இல் ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியின் போயாயும், அப்படிப் பல கோடுகள் உண்டு என்று வைத்துக்கொண்டாலும் முரண்பாடு எதிலும் முட்டாமல் ஒரு முழு வடிவியலைக் கட்டலாம் என்று காட்டினார்கள். 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்தபோது, நாம் வாழும் வெளி (space) கூட யூக்ளிட் சொன்னபடி இல்லை என்றாயிற்று. மனதுக்குத் தெளிவாகப் பட்டது ஒன்று, உலகம் வேறொன்று.

1931இல் தர்க்கவியலாளர் கர்ட் கோடெல், எண்கணிதத்தை உள்ளடக்கிய முரணற்ற முறைமை எதுவும் தன் முரணின்மையைத் தனக்குள்ளேயே நிரூபிக்க முடியாது என்று காட்டினார். தனக்குத் தானே ஜாமீன் போட முடியாது என்ற பழைய ஐயத்துக்குக் கணிதத்துக்குள்ளேயே ஓர் உறவினர். (கோடெலை வைத்துக் கடவுளை நிரூபிப்பவர்களும் மறுப்பவர்களும் யூடியூபில் நிறைய. அவர் சொன்னது அதைவிடச் சிறியது, அதைவிட உறுதியானது.)

அப்படியானால் கண்ணால் கண்டதை நம்புவதுதானே எளிது?

லாக் அப்படித்தான் தொடங்கினார். பிறக்கும்போது மனம் எழுதாத வெள்ளைத்தாள், எழுதுவதெல்லாம் அனுபவம். டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மொலினியூ அவருக்கு ஒரு கேள்வி அனுப்பினார். மொலினியூவின் மனைவி பார்வை இழந்தவர். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை கிடைக்கிறது. தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை என்று சொல்ல முடியுமா? முடியாது என்றார் மொலினியூ, லாக்கும் ஒத்துக்கொண்டு 1694இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். லைப்னிட்ஸ், அந்த இரண்டும்தான் எதிரில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டால் யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் இது சாய்வு நாற்காலிக் கேள்வியாகவே கிடந்தது. ஒழுங்கான சோதனை நடந்தது இந்தியாவில். எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவியிலேயே பார்வைக் குறைபாடுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை செய்கிறது. அப்படிப் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேருக்குப் பொம்மைக் கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. தொட்ட கட்டையைத் திரும்பத் தொட்டு அடையாளம் காண்பதில் கிட்டத்தட்டப் பிழையே இல்லை. பார்த்ததைத் திரும்பப் பார்த்து அடையாளம் காண்பதும் சுலபமாக வந்தது. தொட்டதைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோதுதான் பதில் ஏறக்குறைய குருட்டாம்போக்காகப் போயிற்று. கை அறிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

லாக் ஜெயித்துவிட்டார் என்று இங்கேயே நிறுத்திவிடலாம்தான். ஆனால் மறுபடி சோதிக்க முடிந்த பிள்ளைகளிடம், தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலேயே, சில நாட்களில் அந்தத் திறமை வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் கையையும் கண்ணையும் இணைக்கத் தெரிந்த மனதை வெள்ளைத்தாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று: கண் திறந்ததும் உலகம் அப்படியே உள்ளே வருவதில்லை. பார்ப்பது கற்றுக்கொள்ளும் வேலை. "கண்ணால் கண்டேன்" என்று நாம் அடித்துச் சொல்வதற்குள்ளேயே எவ்வளவோ ஊகம் ஒளிந்திருக்கிறது.

பெர்க்லி உலகமே இல்லை என்றாராமே?

இல்லை என்று சொல்லவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் உணர்வுகள்தான் என்றால், அவற்றுக்குப் பின்னால் யாரும் உணராத "சடப்பொருள்" என்ற ஒன்று எதற்கு என்று கேட்டார். பார்க்கப்படுவதே இருப்பது; யாரும் பார்க்காதபோது கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து "இதோ மறுத்துவிட்டேன்" என்றார். கால் வலித்ததும் ஓர் உணர்வுதான் என்பதால் பெர்க்லிக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நாளை சூரியன் உதிக்கும் என்பதில் கூடவா ஹியூமுக்குச் சந்தேகம்?

உதிக்காது என்று அவர் பந்தயம் கட்டவில்லை. உதிக்கும் என்று நம்ப என்ன நியாயம் என்று கேட்டார். நியாயம் இரண்டு வகையாகத்தான் இருக்க முடியும் என்பது 1748இல் அவர் வைத்த வாதம். ஒன்று தர்க்கம். "நாளை சூரியன் உதிக்காது" என்பதில் தர்க்க முரண் எதுவும் இல்லை. சதுர வட்டம் போல அது நினைக்கவே முடியாத விஷயம் அல்ல. இன்னொன்று அனுபவம். இதுவரை உதித்திருக்கிறது, ஆகவே இனியும் உதிக்கும். ஆனால் "இதுவரை நடந்தது இனியும் நடக்கும்" என்பதை எங்கிருந்து பெற்றோம்? இதுவரை அப்படி நடந்ததிலிருந்து. மறுபடி வட்டம்.

காரண காரியமும் அப்படித்தான். ஒரு பில்லியர்ட் பந்து இன்னொன்றில் மோதுகிறது, இரண்டாவது நகர்கிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரிவது மோதல், பிறகு நகர்தல். மோதியதால் நகர்ந்தது என்ற அந்த "ஆல்" கண்ணுக்குத் தெரிவதில்லை. திரும்பத் திரும்பப் பார்த்ததில் மனதுக்கு ஏற்பட்ட பழக்கம் அது.

எல்லாம் அனுபவத்திலிருந்து வருகிறது என்ற கட்சி தன் சொந்த விதிப்படியே நடந்து போய்ச் சேர்ந்த இடம் இதுதான். அனுபவத்திலிருந்து பாடம் கற்கலாம் என்பதை அனுபவம் கற்றுத்தரவில்லை. நேர்மையான முடிவு. டெக்கார்டைப் போலக் கடவுளை அழைத்து ஓட்டையை அடைக்க ஹியூம் போகவில்லை.

ஆனால் அறிவியல் வேலை செய்கிறதே, அது போதாதா?

வேலை செய்கிறது. ஆனால் எப்போது செய்யும் என்று முன்கூட்டியே யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இதற்கு லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யுரேனஸ் கிரகம் நியூட்டனின் கணக்குப்படி போகாமல் கொஞ்சம் விலகியது. கணக்குத் தப்பு என்று அவர் நினைக்கவில்லை. தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது என்று கணித்து, இருக்கும் இடத்தையும் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

அப்புறம் புதன் கிரகத்தின் பாதையிலும் ஒரு விலகல் தெரிந்தது. இன்றைய அளவில் நூற்றாண்டுக்கு 43 ஆர்க் செகண்ட்; ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் 43 கூறு. லெவெரியே 1859இல் அதே வழியில் போனார். சூரியனுக்குப் பக்கத்தில் தெரியாத ஏதோ இழுக்கிறது என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கிரகமே இல்லை. நியூட்டனின் விதியைத்தான் திருத்த வேண்டியிருந்தது, அதை 1915இல் ஐன்ஸ்டைன் செய்தார். ஒரே ஆள், ஒரே வாதம். முதல் தடவை கிரகம் கிடைத்தது, இரண்டாம் தடவை கிடைக்கவில்லை. வாதத்தை மட்டும் வைத்து எது நெப்டியூன், எது வல்கன் என்று 1859இல் யாராலும் பிரித்திருக்க முடியாது.

ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் இரு கட்சிகளையும் சமரசம் செய்துவைத்தார் என்கிறார்களே?

1781இல் முயன்றார். காலம், வெளி, காரணம் எல்லாம் வெளியிலிருந்து வருபவை அல்ல, மனம் அனுபவத்தை அடுக்கும் வடிவங்கள். அதனால்தான் எல்லா அனுபவத்திலும் அவை இருக்கின்றன என்றார். ஹியூமுக்கு இது கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் விலை அதிகம்: பொருள்கள் தம்மளவில் எப்படி இருக்கின்றன என்பது நமக்கு ஒருபோதும் தெரியாது. அதுவும் போக, மனதின் மாறாத வடிவம் என்று அவர் எண்ணிய வெளி, யூக்ளிடின் வெளி. அதன் கதியை மேலே பார்த்தோம்.

இந்தியாவில், தமிழில் இதெல்லாம் கேட்கப்படவில்லையா?

ஹியூமுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. நம் மரபில் எதை எப்படி அறிகிறோம் என்று ஆராய அளவை என்றே ஒரு துறை உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மாதவன், அதாவது ஆண் துறவி, வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டு போகிறாள். அளவைவாதி, அறியும் வழிகளைப் பத்து, எட்டு, ஆறு என்று ஆசிரியர்கள் வேறுவேறாகக் கணக்கிடுவதைச் சொல்கிறான். கடைசியில் வரும் பூதவாதி, அதாவது பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்பவன், நேரில் காணும் காட்சி ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டான். முற்பிறப்பை அறிந்தவர் உண்டா என்று அவள் கேட்கவும், பேய் பிடித்தவர் பேச்சுப் போல, கனவு போல என்று தள்ளிவிடுகிறான். அவள் விடவில்லை. அனுமானம் வேண்டாம் என்றால் இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை என்று எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். பிறந்ததை யாரும் கண்ணால் பார்த்திருப்பதில்லையே. முற்பிறப்பு விஷயத்தில் என் கட்சி பூதவாதிதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

பூதவாதியைப் போலவே காட்சியை மட்டும் நம்பும் உலகாயதர் தரப்பு அத்தனை சப்பையானது அல்ல. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்கிறாயே, எத்தனை அடுப்பங்கரையைப் பார்த்திருக்கிறாய்? இனி வரப்போகும் அடுப்புகளையும் பார்த்துவிட்டாயா? ஹியூமின் கேள்வி அப்படியே இருக்கிறது. இதற்கு நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் உதயணர் சொன்ன மறுமொழிதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பார்க்காத இடத்தில், வராத காலத்தில் வேறு மாதிரி இருக்கலாம் என்று நீ சந்தேகப்படுகிறாய். அந்த இடமும் காலமும் உண்டு என்பதையே அனுமானத்தால்தானே அறிந்தாய்? சந்தேகம் உண்டு என்றால் அனுமானமும் உண்டு. தவிர, சந்தேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது: அது உன் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் நிற்க வேண்டும். புகை வேண்டும் என்றால் நீயும் போய் நெருப்பைத்தானே மூட்டுகிறாய்?

12ஆம் நூற்றாண்டில் வேதாந்தி ஸ்ரீஹர்ஷர், உதயணர் இதைச் சொன்ன சுலோகத்தின் வார்த்தைகளையே திருப்பிப் போட்டு, முரண் இருந்தால் சந்தேகமும் இருக்கத்தானே செய்யும் என்று கிண்டலடித்தார். தர்க்கமாகப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உதயணர் ஐயத்தை வெல்லவில்லை. ஐயப்படுபவனிடம் "நீ இதை நிஜமாகவே சந்தேகப்படுகிறாயா, வாயளவிலா?" என்று கேட்க ஒரு வழி கொடுத்தார்.

இப்படியே யோசித்தால் பைத்தியம் பிடிக்காதா?

கிட்டத்தட்டப் பிடித்தவர்கள் உண்டு. பாக்தாதின் புகழ்பெற்ற ஆசிரியர் கஸ்ஸாலி, வானத்தில் காசு அளவு தெரியும் நட்சத்திரம் உண்மையில் பூமியைவிடப் பெரியது என்பதில் தொடங்கி முதலில் புலன்களையும், பிறகு அறிவையும் சந்தேகப்பட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் நோயாளி போலக் கிடந்ததாக எழுதியிருக்கிறார். வாதத்தால் அல்ல, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டேன் என்கிறார். ஹியூமின் வைத்தியம் வேறு. அறையில் உட்கார்ந்து யோசித்து இருள் சூழ்ந்தால் எழுந்து போய்ச் சாப்பிட்டு, நண்பர்களோடு சொக்கட்டான் மாதிரியான பேக்கமன் ஆடுவார். திரும்பி வந்து பார்த்தால் தன் வாதங்களே சில்லென்று, கோமாளித்தனமாகத் தெரியுமாம். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது.

எல்லாமே சந்தேகத்துக்குரியது என்றால் எல்லாக் கருத்தும் சமம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. "எதுவும் நூறு சதவீதம் உறுதி இல்லை" என்பதிலிருந்து "எல்லாம் ஒரே அளவு சந்தேகம்" என்பதற்குத் தாண்டுவது மிகப் பழைய வித்தை. அதில் காசு பார்த்தவர்களும் உண்டு.

1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களை, வேறு நோய்களுக்காக வந்த அதே எண்ணிக்கை ஆண்களோடு ஒப்பிட்டார்கள். புகைக்காதவர்கள் புற்றுநோய்க் கூட்டத்தில் 2 பேர், மற்றதில் 27 பேர். இது காரணமா, வெறும் உடனிகழ்வா? ஹியூமின் பந்துகள் மறுபடி மேசைக்கு வந்துவிட்டன. சந்தேகப்பட்டவர் சாதாரண ஆளும் அல்ல, நவீனப் புள்ளியியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர். ஏதோ ஒரு மரபணுக்கூறு புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே தரலாமே என்றார். தொடக்கநிலைப் புற்றுநோயின் எரிச்சல்தான் புகைக்கத் தூண்டுகிறதோ என்றுகூடக் கேட்டார். தர்க்கத்தில் பிழை இல்லை. அவர் பைப் பிடிப்பவர், புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அது அவர் வாதத்துக்குப் பதிலாகாது.

பதில் 1959இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சகாக்களும் எழுதிய கட்டுரையில் வந்தது. புகைப்பவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் மறைந்திருக்கும் ஏதோ ஒரு கூற்றால் வருகிறது என்றால், அந்தக் கூறு புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அவ்வளவு பெரிய ஒன்று யார் கண்ணிலும் படாமல் எங்கே இருக்கிறது, காட்டு. சந்தேகப்படாதே என்று அவர்கள் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். ஃபிஷரின் மரபணுக்கூறு அந்த அளவில் ஒருபோதும் தென்படவில்லை.

பத்தாண்டு கழித்து, 1969இல், ஒரு அமெரிக்க சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு "சந்தேகமே நம் சரக்கு" என்று எழுதியது. நிரூபிக்க வேண்டியதில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை; மக்கள் மனதில் "யாருக்குத் தெரியும்" என்று ஓடிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்கும். டெக்கார்டின் ஐயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறதல்லவா? அவர் முதலில் சந்தேகப்பட்டது தாம் நம்பியதை. இவர்கள் தங்களுக்கு இடைஞ்சலான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் சந்தேகப்பட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்க முடியுமா?

முடியாது என்றார் ஆஸ்திரியாவில் பிறந்த மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன், 1951இல் இறப்பதற்கு முந்தைய மாதங்களில் எழுதிய குறிப்புகளில். கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் இருக்க வேண்டும். நான் ஒன்றைச் சந்தேகிக்கிறேன் என்று சொல்லவே அந்தச் சொற்களின் பொருள் எனக்கு நிலையாக இருக்க வேண்டும். அந்தத் தீய சக்தி என் மொழியையும் குழப்பிவிட்டால் "ஏமாறுகிறேனோ" என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை. உதயணர் செயலை வைத்துச் சொன்னதை இவர் மொழியை வைத்துச் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. கீல்கள் உண்மை என்று இது நிரூபிக்கவில்லை. எதையும் நிரூபிக்கத் தொடங்குமுன் அவை அங்கே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். செக்ஸ்டஸின் மூன்றாவது வழி, "இதற்கு மேல் கேட்காதே" என்பது, இப்படிப் பார்த்தால் அத்தனை வெட்கக்கேடாகத் தெரியவில்லை.

நாம் கம்ப்யூட்டர் சிமுலேஷனுக்குள் இருக்கிறோமா?

டெக்கார்டின் தீய சக்திக்குப் புதுச் சட்டை. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

"உன்னால் நூறு சதவீதம் நிரூபிக்க முடியுமா?" என்று வாதத்தில் மடக்கினால்?

முடியாது என்று உடனே ஒத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள யாராலும் முடியவில்லை. பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். நான் சொல்வது தப்பு என்றால் நடந்தது வேறு என்ன, அது எவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும்? இது கார்ன்ஃபீல்டின் கேள்வி. இதே அளவு ஆதாரத்தை உன் வீட்டு விஷயத்தில், உன் மருந்தில், உன் வங்கிக் கணக்கில் கேட்கிறாயா? இது உதயணருடையது. தடுப்பூசி, தேர்தல் முடிவு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எதற்கும் இவை பொருந்தும். எதிரில் இருப்பவர் இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னால் அவர் நிஜமாகவே சந்தேகப்படுகிறார். அவரோடு உட்கார்ந்து பேசலாம், உங்கள் கருத்தே மாறினாலும் மாறும். பதிலுக்கு இன்னொரு யூடியூப் லிங்க் வந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.